நிலாவில் என் நிறை

ஓகஸ்ட் 4, ஞாயிறு

ஜெசிந்தா இன்றைக்கு இரண்டு புத்தகம் கொண்டுவந்தாள். ஒன்று என் மகள் பிரின்சிக்கு. அது கொழுத்த புத்தகம், உள்ளே எழுத்து இடித்துக்கொண்டு நின்றது. மற்றது எனக்கு. இந்த டயரிதான். உள்ளே ஒன்றுமே இல்லை. யாருக்கு எது பொருத்தம் என்று ரீச்சர்மாருக்குத்தான் தெரியும்.

"அக்கா, நாளுக்கு ரெண்டு வரி எழுதுங்கோ. எழுத்து மறக்காது."

"அஞ்சாம் வகுப்போட நிண்ட எழுத்து. இனி எங்க ஓடப்போகுது?"

ஜெசிந்தா என் தங்கச்சி. என்னைவிட ஆறு வயது குறைவு. மன்னார் டவுனில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். வருசா வருசம் உயர்தரப் பரீட்சைத் தாள் திருத்தப் போகிறவள். அவள் ஈர்க்கு மாதிரி, நான் வேலை செய்கிற மில்லில் அடுக்கிய மூடை மாதிரி. இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் பஸ் கொண்டக்டரும் நம்பமாட்டான்.

பிரின்சி இரண்டு தடவை உயர்தரம் எழுதிவிட்டாள். கணிதமும் இரசாயனமும் பாஸ். பௌதிகவியல் மட்டும் இரண்டு தடவையும் பெயில். மூன்றுதான் கணக்கு, நாலாம் தடவை கிடையாது. இந்த டிசெம்பரில் விட்டால் கம்பஸ் படிப்பை மறக்க வேண்டியதுதான்.

அந்தக் கொழுத்த புத்தகத்துக்குப் பேர் மதிப்பீட்டு அறிக்கை. போன வருசம் பிள்ளைகள் எந்தெந்தக் கேள்வியில் சறுக்கினார்கள், ஏன் சறுக்கினார்கள் என்று திருத்தினவர்கள் எழுதி வைத்தது. மற்றவர்களின் குறையை இப்படிப் புத்தகமாக அடிக்கிறார்கள் என்று முந்தியே தெரிந்திருந்தால் நானும் படித்திருப்பேன்.

ஓகஸ்ட் 11

நான் சூடை மீன் துப்பரவாக்கினேன். பிரின்சி பக்கத்தில் இருந்து அறிக்கையை வாசித்தாள். "பெரும்பாலான பரீட்சார்த்திகள் அலகைக் குறிப்பிடத் தவறியுள்ளனர். காரணம் கேட்கப்பட்டபோது வினாவையே திருப்பி எழுதியுள்ளனர். கேட்கப்படாத விடயங்களை எழுதி நேரத்தை வீணாக்கியுள்ளனர்."

"கடைசி வரி உன்ர அப்பாவைப் பற்றி," என்றேன்.

என் வீட்டுக்காரர் மரியதாஸ் சாய்ந்திருந்த இடத்திலிருந்து, "கொஞ்சம் தண்ணி தா," என்றார்.

"அலகு இல்லை. புள்ளி பூச்சியம்."

பிரின்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெசிந்தாவால் அவளை இப்படிச் சிரிக்க வைக்க முடியாது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஓகஸ்ட் 19

கிழமையில் மூன்று நாள் பிரின்சி ஜெசிந்தா வீட்டுக்குப் போகிறாள். இன்றைக்குத் திரும்பி வந்து, "சின்னம்மா சொன்னா," என்று தொடங்கினாள்.

இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில் பிறந்த பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு முடிய, ஆறு வருசத்துக்கு முந்தித்தான் இங்கே கூட்டிவந்தோம். இதுவரைக்கும் வாயில் "சித்தி"தான். இங்கே உள்ளவர்கள்தான் சின்னம்மா என்பார்கள். நல்லது, ஊர்ப் பேச்சு படிகிறது. ஆனால் அந்தச் சொல்லின் முன்னால் இருக்கிற "சின்ன" எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று ஒரு யோசனை.

ஓகஸ்ட் 20

சொதியும் பொரியலும் வைத்தேன். பிள்ளை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

செப்டெம்பர் 1

ஜெசிந்தா கேட்டுவிட்டாள். "சோதினை முடியிற வரைக்கும் பிள்ளை என்னோட நிக்கட்டும் அக்கா. பஸ்ஸில போய்வாற நேரம் மிச்சம். என்ர வீட்டில ஒரு அறை சும்மாதானே கிடக்குது."

"கொண்டு போ. சோறு மிச்சம் எனக்கு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருசன் கொழும்பில் வேலை. அறை சும்மாதான் கிடக்கிறது. நியாயமான விடை, படிகள் எல்லாம் சரி. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து நாங்கள் இந்தியாவுக்குப் படகு ஏறியபோது ஜெசிந்தாவுக்கு அம்மாள் வருத்தம் போட்டிருந்தது, உடம்பெல்லாம் கொப்புளம். அப்பாவோடு அடுத்த படகில் வருவதாகப் பேச்சு. அடுத்த படகு வரவில்லை. அப்பா அவளைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார். நான் அம்மாவோடு முகாமில், பன்னிரண்டு வயதில் கல் உடைக்கப் போனேன். அவள் இங்கே சூத்திரம் படித்தபோது நான் அங்கே சல்லி சுமந்தேன். அது பழங்கதை. அவள் என் பிள்ளையின் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தப் பழங்கதை ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 15

மில்லுக்கு லீவு. பாரை மீன் கறி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை மெலியவில்லை. அதுவும் ஒரு குறை.

ஜெசிந்தா இரண்டு தடவை கறி போட்டுச் சாப்பிட்டாள். விரலைச் சூப்பிவிட்டு, "அக்கா, அம்மா இப்படித்தான் வைப்பாவா?" என்று கேட்டாள்.

"அம்மா உப்பை மறந்துதான் வைப்பா. கறியைவிடக் கதைதான் கூட," என்றேன்.

"சாப்பாடு போடேக்க என்ன கதைப்பா?"

"என்னத்தைக் கதைக்கிறது. தின்னு எண்டுதான்."

அவள் மேலே கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. படிப்பு, வீடு, வேலை எல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அம்மாவையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.

வெளிக்கிட்டபோது பிரின்சி உள்ளே இருந்து கத்தினாள். "ம்மா, நீலப் பேனை எங்க?"

"மேசை லாச்சில பாரு," என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எந்த மேசை, எந்த லாச்சி என்று எனக்கு எப்படித் தெரியும். ஜெசிந்தா பதில் சொன்னாள்.

செப்டெம்பர் 16

மில்லில் மிளகாய்த்தூள் கண்ணில் போய்விட்டது. நாள் முழுக்கத் தண்ணீர்.

ஒக்டோபர் 6

மாதிரிப் பரீட்சையில் பிரின்சிக்கு முப்பத்தொன்று. ஜெசிந்தா வீட்டு முன்கூடத்தில் மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தோம். நான் தொங்கப் போட்டது மெய்யா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை.

"கெட்டிக்காரி அக்கா இவள். கணக்கு எல்லாம் சரியாச் செய்வாள். கேள்வியை வாசிக்கிறேல்ல. அறிக்கையிலயும் அதுதான் எழுதியிருக்கு, ஊன்றி வாசிக்காமல் விடை எழுதியுள்ளனர் எண்டு. கவனம் இல்லை."

"வாசிச்சுத்தான் எழுதினன் சின்னம்மா."

"வாசிச்சா இப்படி எழுதுவியா?"

பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையைத் திட்டுவதென்றால் அதற்கு நான் இருக்கிறேன்.

வரும்போது கறிச்சட்டி சுற்ற ஒரு தாள் கேட்டேன். "அந்தப் பழைய தாள் ஒண்டை எடுங்கோ," என்றாள் ஜெசிந்தா. பிரின்சியின் விடைத்தாளாகப் பார்த்து எடுத்தேன். என் பிள்ளையின் எழுத்து கொஞ்சமாவது என் வீட்டில் கிடக்கட்டும்.

ஒக்டோபர் 14

இன்றைக்கு விசயம் இருக்கிறது.

மில்லில் ஒரு அம்மா சண்டை. "மூண்டு கிலோ மிளகாய் தந்தன். தூளை நிறுத்தா நிறை குறையுது."

முதலாளி இஸ்ஸதீன் நானா, "வறுத்து அரைச்சா நிறை குறையாமல் என்னம்மா செய்யும்?" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவ முதல் நாள் வந்து எடை போடுங்க நானா எண்டவ. நான் என்னத்தைப் போடுறது எண்டு முழிச்சன்," என்று சிரித்தார். இந்த ஊரில் எடை போடுவதில்லை, நிறுப்பதுதான். ஆறு வருசமாக அதே பகிடிதான். நானும் ஆறு வருசமாகச் சிரிக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு அந்த "நிறை குறையுது" காதுக்குள் நின்றுகொண்டது. வேறொரு குரல் அதற்கு எதிராகச் சொன்னது. நிறை குறையாது, நிறை குறையாது என்று.

யாருடைய குரல் என்று சாப்பாட்டு நேரத்தில்தான் பிடிபட்டது. பிரின்சி. முகாமில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எட்டாம் வகுப்புப் பாடத்தைப் பாட்டாகச் சொல்லுவாள். "நிலாவுக்குப் போனால் எடை குறையும், நிறை குறையாது." நான், "அப்ப என்னை முதல் அனுப்புங்கோடி," என்பேன். வரிசையில் நின்ற சனம் எல்லாம் சிரிக்கும்.

வீட்டுக்கு வந்து சட்டி சுற்றிய தாளை எடுத்து மீன் நெடியோடு விரித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. ஒன்பது இடத்தில் சிவப்பில் "கவனம்" என்று இருந்தது.

பெட்டியின் நிறை யாது என்று கேள்வி. பிள்ளை 2.4 kg என்று எழுதியிருக்கிறாள். சிவப்பில்: கேட்டது நிறை, திணிவு அல்ல, கவனம். சந்திரனில் இக்கல்லின் நிறை என்னவாகும் என்று இன்னொரு கேள்வி. பிள்ளை எழுதியது: மாறாது. சிவப்பில்: பிழை, ஆறில் ஒன்றாகும், கவனம். பந்தின் வேகம் கேட்ட இடத்தில் எண் சரி, சிவப்பில்: திசை எங்கே, கவனம்.

கவனக்குறைவாவது மண்ணாவது. அங்கே இந்தியாவில் நிறை என்று சொல்லுவதற்கு இங்கே திணிவு என்று பேர். இங்கே நிறை என்று சொல்லுவதற்கு அங்கே எடை என்று பேர். வேகமும் அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கே திசைவேகம் என்று ஒரு சொல் உண்டு, பிரின்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். திசையைச் சொல்லிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே வெறும் வேகம் என்று கேட்டுவிட்டுத் திசையை நாங்கள் தேடி எழுத வேண்டும். முற்றிலும் வேறு சொல்லாக இருந்தால் பிள்ளை புதிதாகப் பாடமாக்கியிருப்பாள். இது முகம் தெரிந்த சொல். அவசரத்தில் புத்தி பழைய வீட்டுக்கே போய்விடுகிறது. போதாததற்கு இப்போதும் போனில் அந்தப் பக்கத்து வாத்தியார்மாரின் பாடத்தைத்தான் பார்க்கிறாள்.

ஜெசிந்தாவுக்கு இது தெரியாது. அந்தப் பக்கத்துப் புத்தகத்தை அவள் திறந்ததே இல்லை. கொழுத்த அறிக்கைக்கும் தெரியாது. மன்னார்த் தீவில் இன்றைக்கு இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் 15

மழை. போக முடியவில்லை.

ஒக்டோபர் 16

இன்றைக்கும் மழை மாதிரித்தான்.

ஒக்டோபர் 18

மழை இல்லை. முழங்கால் நோ. போனில் சொல்லலாம்தான். ஆனால் இது போனில் சொல்லுகிற விசயமா. நேரே சொன்னால்தான் விளங்கும்.

ஒக்டோபர் 20

பிரின்சி போன் எடுத்தாள். இரண்டாவது மாதிரிப் பரீட்சையில் இருபத்தொன்பது. சின்னம்மா தாளை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாளாம். பிள்ளை அழுதாள். "வீட்டை வரட்டாம்மா?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு "வீடு" என்று என் வீட்டைச் சொன்னாள்.

"உன்ர விருப்பம்," என்றேன். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

பழுதில்லை, இன்னும் நாள் இருக்கிறது.

ஒக்டோபர் 22

பெரிய மீன் வாங்கி வைத்தேன். ஏதோ மலிவாகக் கிடைத்தது.

ஒக்டோபர் 25

பிரின்சி பையோடு வந்து இறங்கினாள். நான் விளமீன் பொரித்தேன். வாசலில் நின்று அவளைப் பார்க்க எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்த டயரி பொய்யாகிவிடும்.

கை கழுவிவிட்டு வந்தபோது அவள் என் மில் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். தூள் படாமல் இருக்க நாங்கள் கட்டுகிற வெள்ளைத் துணி. முடிச்சை எனக்கு மாதிரியே பின்னால் போட்டிருந்தாள்.

"என்ன கோலம் இது?"

"பொருந்துதா எண்டு பாத்தன். நான் சோதினை எழுதேல்லம்மா. உங்களோட மில்லுக்கு வாறன்."

"ஏன், சின்னம்மாட கறி உறைப்பில்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்குக் கவனம் இல்லையாம். அது பிறவிக் குணமாம்தானே. ரெண்டு தரம் அரசாங்கம் சொல்லிப்போட்டுது, இப்ப சின்னம்மாவும் சொல்லுறா. எல்லாருமா பிழையாச் சொல்லுவினம்?"

துணிக்குள் அவளுடைய முகம் சின்னதாக, என்னுடைய பன்னிரண்டு வயது முகம் மாதிரி இருந்தது. நான் கேட்டது இதுதான். பிள்ளை என் வீட்டில், என் பக்கத்தில், என் துணியைக் கட்டிக்கொண்டு. கேட்டபடியே கிடைத்துவிட்டது.

துணியை அவிழ்த்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டேன்.

"பிரின்சி, நிலாவுக்குப் போனா என்ன குறையும்?"

"விடுங்கம்மா."

"சொல்லு."

"எடை."

"குறையாதது?"

"நிறை."

"சரி, நீ சொன்ன எடைக்கு இந்த ஊரில என்ன பேர்? இஸ்ஸதீன் நானா என்னெண்டு சொல்லுவார்?"

"நிறை எண்டுவார்." சோற்றைப் பிசைந்த கை நின்றது. "அப்ப நான் நிறை எண்டது…" வாய்க்குள் எண்ணுகிறவள் மாதிரி உதடு அசைந்தது. "திணிவு. அம்மா, அது திணிவு. எனக்கு அது தெரியும். தனியாக் கேட்டா சொல்லுவன். கேள்வித்தாளில கண்டவுடன…"

"கவனம் இல்லாமல் இல்லை. பழைய ஊர்க் கவனம்."

நான் மீன் நெடி அடிக்கிற தாளை முன்னால் விரித்தேன். இரண்டு பேரும் ஒன்பது சிவப்பையும் பார்த்தோம். எட்டு, நிறை, வேகம் என்ற இந்த இரண்டு சொல்லால் வந்தது. ஒன்றுதான் மெய்யான கவனக்குறைவு.

"இதை எப்ப கண்டனீங்கள்?"

"இப்பதான். மீன் பொரிக்கேக்க," என்றேன்.

ஒக்டோபர் 26

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். ஜெசிந்தாவிடம் பிரின்சியே சொன்னாள். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து பார்த்தேன். ஒரு ரீச்சரின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

மாறியது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. அவள் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"பதினாலு வருசமாத் திருத்துறன் அக்கா. அங்கயிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனை பேற்ற தாள் என்ர கையால போயிருக்கும். எல்லாத்திலயும் நான் பிழை எண்டுதான் போட்டிருப்பன். கேட்டது ஒண்டு, எழுதினது ஒண்டு எண்டு."

"நீ என்ன செய்வாய். கேள்வியில இருக்கிறதைத்தானே பாக்கலாம்."

"இவளை நான் அழவைச்சன். போன ஞாயிறு இது தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டாம் தாள்ல பிள்ளை அழுதிருக்காது." பிரின்சியின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கொள் மகள்," என்றாள்.

போன ஞாயிறு இருபதாம் திகதி. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நவம்பர் 10

இரண்டு ஊர்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பிரின்சி ஒரு பட்டியல் செய்திருக்கிறாள். ஜெசிந்தா அதைப் பிரதி எடுத்துத் தன் பள்ளிக்கூடத்தில் முகாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாளாம். மேலே "பிரின்சியின் அம்மா கண்டுபிடித்தது" என்று எழுதியிருந்தாள். பேரைப் போட்டிருக்கலாம். எனக்கும் றெஜினா என்று ஒரு பேர் இருக்கிறது. அது தங்கச்சிக்கு மறந்திருக்கும்.

மாதிரிப் பரீட்சையில் ஐம்பத்தெட்டு. பிள்ளை அங்கேதான் நிற்கிறாள்.

டிசெம்பர் 3

பௌதிகவியல். நானும் ஜெசிந்தாவும் பாடசாலைக் கேற்றுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். நான் மில்லுக்கு லீவு, அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அவள் செபமாலையை எடுத்து உருட்டினாள். நானும் என்னுடையதை எடுத்தேன். யார் முதலில் ஒரு சுற்று முடிப்பது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிரின்சி வெளியே வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நேரே வந்து பையை என் கையில் தந்தாள். வினாத்தாளை ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள்.

"நிறை வந்தது. நியூட்டன் போட்டன். வேகத்துக்குத் திசை எழுதினன், கிழக்கு எண்டு," என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்றால், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வேப்ப மரத்தைப் பார்த்து. கெட்டிக்காரி.

அவர்கள் இரண்டு பேரும் வினாத்தாளுக்குள் தலையை விட்டுவிட்டார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பாரமாகத்தான் இருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை.

டிசெம்பர் 5

பிரின்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். பெறுபேறு வர மாதக்கணக்காகும். தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், ஜெசிந்தாவோடு போனில் கதைக்கிறாள்.

இன்றைக்கு இந்த டயரியை முதலிலிருந்து வாசித்தேன். ஒக்டோபர் பதினாலிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் உள்ள பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். பேனையை மாற்றி எழுதலாம் என்றும் நினைத்தேன்.

வேண்டாம். நாளைக்கு இதைக் கொண்டுபோய் ஜெசிந்தாவிடமே கொடுக்கிறேன். தந்தவள் அவள்தானே. "திருத்து" என்று சொல்லப்போகிறேன். அவளுக்குத் தெரிந்த வேலை.

டிசெம்பர் 9

டயரி இன்றைக்குத் திரும்பி வந்தது. பிரின்சியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பிரின்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் திறந்தேன்.

எழுத்துப் பிழை எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறாள். விடுவாளா. ஒக்டோபர் 16 பக்கத்தில் சிவப்பில்: "மழை மாதிரி என்றால் எத்தனை மில்லிமீற்றர்? அலகு இல்லை." அதன் கீழே ஒரு வரி. "பதினொரு நாள். வாசித்து ஒரு நாள் முழுக்க உங்களோடு கோபம். பிறகு யோசித்தேன். நானும் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது உங்களுடைய முகத்தைப் பார்த்தேன், பார்த்தும் தூக்கினேன். புள்ளி குறைக்கவில்லை."

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செப்டெம்பர் 15இல் பெரிதாக ஒரு வட்டம். "சாப்பாடு போடேக்க என்ன கதைப்பா?" என்று அவள் கேட்ட இடத்தைச் சுற்றி. பக்கத்தில் சிவப்பில்:

"கேட்கப்பட்ட வினாவுக்கு விடை எழுதப்படவில்லை. மீண்டும் எழுதவும்."

பிரின்சி, "என்னம்மா எழுதியிருக்கா, காட்டுங்கோ," என்றாள். "பெரியாக்களின்ர சோதினை, எட்டப் போ," என்றேன்.

விடை:

ஜெசிந்தா, அம்மா சோறு போடும்போது முதல் வேலையாக மீனில் ஒரு துண்டை ஓரத்தில் ஒதுக்கி வைப்பா. "இது சின்னவளுக்கு" என்பா. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எல்லாரும் சாப்பிட்டு முடிந்து, அந்தத் துண்டு ஆறிப்போன பிறகு, "அவளுக்காக நீ தின்னு" என்று என் பக்கம் தள்ளிவிடுவா. மீன் இல்லாத நாளில் ஒரு பிடி சோறு. அம்மா சாகும் வரைக்கும், இருபத்திரண்டு வருசம், ஒரு நாளும் தவறவில்லை. பார்த்துக்கொண்டு இருந்த எனக்கு உன் மேல் எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று கணக்குப் பார்.

உன் துண்டு எல்லாவற்றையும் நான்தான் சாப்பிட்டேன். அதுதான் இந்த உடம்பு. நிலாவுக்குப் போனாலும் குறையாது. அதற்கு நிறை என்று பேரா, திணிவு என்று பேரா, நீயே திருத்திக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.